அடாப்டரும் ஆள்மாறாட்டமும்

மதுரைப் பக்கத்து மாணவர்களுக்கு ஆள்மாறாட்டம் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. 2021ஆம் ஆண்டு அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டில் முதற்பரிசுக்குரிய வீரர், வேறொருவருடைய 33ஆம் எண் பனியனை மாட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார் என்று புகார் எழுந்தது; வழக்கு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை சென்றது. காளையை அணைத்தவை மெய்யான கரங்கள்தாம். எண் அவருடையதன்று என்பதே புகாரின் சாரம்.

கோரிப்பாளையத்தில் என் வீட்டு மாடியிலும் அப்படியொரு வழக்கு சென்ற ஆண்டு நடந்தது. என் தங்கை மகன் கல்லூரி மாணவன். விபத்தொன்றில் வலக்கைப் பெருவிரலின் வலுவை இழந்தவன். கன்சோலில் ஆடும் துப்பாக்கி விளையாட்டுக்கு அந்த விரல்தான் உயிர். குறி வைக்கும் குச்சியை அசைப்பது அதுவே. ஆகவே மௌஸைக் கொண்டு ஆட எண்ணி, ஓர் அடாப்டர் வாங்கினான். ஒருநாள் இரவு, மோசடி செய்தான் என்று கூறி அவன் கணக்கை முடக்கிவிட்டார்கள். “மாமா, நான் திருடனா?” என்று கேட்டான்.

மாணவ நேயர்களே, அந்த அடாப்டர் செய்வது இதுதான். கன்சோல் தன்னுடன் இணையும் சாதனத்தை “நீ யார்?” என்று விசாரிக்கும். மௌஸுக்கு விடை தெரியாது. அதனால் இத்தகைய அடாப்டர்கள் பலவற்றில் உண்மையான கன்ட்ரோலர் ஒன்றையும் செருகிவைப்பார்கள். விடை சொல்வது கன்ட்ரோலர். குறி பார்ப்பது மௌஸ். பனியன் ஒருவருடையது, கை இன்னொருவருடையது!

இதில் ஓர் அநியாயமும் உண்டு. குச்சியால் குறி வைப்பது கடினம் என்பதால், விளையாட்டே சற்றுக் கைகொடுத்துக் குறியை இலக்கின் பக்கம் இழுத்துவிடும். மௌஸோ இயல்பாகவே துல்லியமானது. அதற்கு அந்த உதவியும் சேர்ந்தால் எதிரிக்குப் போக்கிடம் ஏது?

2018இல் ஷாங்காய் நகரத்துக் கணினிப் போட்டியொன்றில் இந்திய அணி வீரர் ஒருவர் மோசடி நிரலுடன் பிடிபட்டார். நடுவர்கள் அருகில் நின்றதால் பிடிக்க முடிந்தது. வீட்டு மாடியில் நடுவர் ஏது? அசைவைக் கொண்டே ஊகிக்க வேண்டும். பெருவிரல் குச்சியைத் தள்ளி மெல்ல மீளும். மௌஸ் வெட்டித் திரும்பிச் சட்டென்று நிற்கும். 2023இல் யூபிசாஃப்ட் நிறுவனம் ‘ரெயின்போ சிக்ஸ் சீஜ்’ விளையாட்டில் ‘மவுஸ்டிராப்’ என்ற எலிப்பொறியை வைத்தது. அது அப்போது ஆளை வெளியேற்றவில்லை. அவன் கட்டளைகளைச் சிறிது சிறிதாகத் தாமதப்படுத்தியது. கன்ட்ரோலருக்குத் திரும்பியதும் தாமதமும் குறைந்தது. தண்டனையில் இவ்வளவு நயம் கண்டு நான் வியந்தேன். ஆயினும் எந்தப் பொறியும் அசைவைத்தான் அறியும். விரலின் ஊனத்தை அறியாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, “மாப்பிள்ளை, அந்தக் குறி உதவியை நீ அணைத்து வைத்தாயா?” என்று கேட்டேன். நெடுநேரம் பேசவில்லை. “அணைக்கலாம், மாமா. அணைக்கவில்லை” என்றான்.

மௌஸை ஒளிவு மறைவின்றி ஏற்கும் விளையாட்டுகளும் உண்டு. ‘ஃபோர்ட்நைட்’டில் அதை நேராகவே கன்சோலில் செருகலாம், அங்கே மௌஸுக்குக் குறி உதவி கிடையாது. இப்போது அவன் அதைத்தான் ஆடுகிறான். நேற்று நான்கு ஆட்டங்களிலும் தொடக்கத்திலேயே வெளியேறினான். “இன்னும் ஒன்றே ஒன்று, மாமா” என்றான். கீழே சோறு ஆறிக்கொண்டிருந்தது.