எண்ணம் வேறு, உயிர் வேறு



பாகுபலி முனிவர் ஓராண்டுக் காலம் அசையாது யோகத்தில் நின்றார். காலடியில் புற்று எழுந்தது. தோளில் கொடி படர்ந்தது. எனினும், தமையன் பரதன் தம்மால் வருந்தினான் என்னும் எண்ணம் மட்டும் உள்ளத்தில் எஞ்சியிருந்தது. பரதன் வந்து வணங்கவே அது நீங்கிற்று. கேவலஞானம் தோன்றிற்று என்பது ஆதிபுராணம் கூறும் வரலாறு.

மாமுனிவரையே தடுத்த எண்ணம் இல்லறத்தாரை விடுமோ? சினமும் செருக்கும் மோகனீய வினையின் உதயத்தால் எழுவன. உயிரின் இயல்போ அறிதலும் காண்டலும் ஆகும். ‘நான் சினமே உருவானவன்’ என எண்ணுதல் மயக்கம். ‘சினம் எழுகின்றது, அதனை அறியும் உயிர் வேறு’ எனத் தெளிதல் பேதவிஞ்ஞானம்.

வேறென அறிந்ததனால் பிழையினின்று விடுபட்டதாகக் கருதலாகாது. சினத்தால் புண்பட்டவரிடம் பொறுத்தருள வேண்டுதல் கடமை. நாள்தோறும் 48 நிமிடச் சாமாயிகத்தில் எண்ணங்களை நோக்கிப் பழகுக, உயிர் ஒளிபெறும்.