இருவர் கைபடும் விருந்து

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

     

இல்லறம் பற்றிச் சில சொற்கள் பேசுக என்று சங்கத்தார் எம்மைப் பணித்தனர். யாம் புலவர் அல்லேம். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்து, ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதிவரும் எழுத்தர். ஆதலின் வானளாவிய பொருளை விடுத்து, அடுக்களை அளவில் அடங்கும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டோம். கணவனும் மனைவியும் தமக்கென்று கொண்டாடும் நன்னாளில், வெளியே விடுதி தேடிச் செல்லாமல், தம் வீட்டிலேயே மரக்கறி உணவை எளிய முறையில் ஆக்கி உண்பது எங்ஙனம் என்பதே அப்பொருள். இதில் பேசுவதற்கு என்ன உளது என்று சிலர் நகைக்கலாம். உளது என்பதே எம் துணிபு.

மேலைநாட்டு வழக்கப்படி பிப்ரவரி 14ஆம் நாளைக் காதலர் நாளாகக் கொண்டாடுதல் இன்று நம் இளைஞரிடையே பரவியுளது. அதனை யாம் பழிக்க வரவில்லை. அதற்கு ஒரு திங்கள் கழித்து, மார்ச்சு 14ஆம் நாளையொட்டி, நம் இல்லங்கள் சிலவற்றில் மற்றொரு நாள் வருகின்றது. மாசி முடிந்து பங்குனி பிறக்கும் அந்த வேளையில், பெண்கள் நோன்பிருந்து, அடை ஆக்கி, உருகாத வெண்ணெயுடன் படைத்து, மஞ்சட் சரடு அணிகின்றனர். இதுவே காரடையான் நோன்பு. மகாபாரதத்து வனபருவத்தில் வரும் சாவித்திரி, யமனைப் பின்தொடர்ந்து, தன் சொல்லாற்றலால் சத்தியவானின் உயிரை மீட்டாள் அன்றோ? அவளை நினைந்து நோற்பது இந்நோன்பு.

நாம் குடிவந்த இந்நாட்டிலும் இதற்கு ஒரு தங்கை உளள். கடற்கரை மாவட்டங்களிலிருந்து மாற்றலாகி வந்த தெலுங்கு அன்பர்களின் வீடுகளில் அட்லதத்தெ என்னும் நோன்பைக் காணலாம். ஐப்பசியையொட்டி, முழுமதிக்குப் பின்வரும் மூன்றாம் நாளில், பெண்கள் பகலெல்லாம் பட்டினி இருந்து, கௌரியை வணங்கி, நிலவைக் கண்ட பின்னரே உண்கின்றனர். அவர்கள் படைக்கும் பண்டம் அட்டு. நாம் படைப்பது அடை. செவிக்கே இவை உறவுச் சொற்களாக ஒலிக்கின்றன. வடஆர்க்காட்டிலும் கடப்பையிலும் இருந்து தாலுகாக்களைப் பிரித்து 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953இல் அது ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் இத்தனை முறை மாறியும், இரு மொழியாரின் அடுப்புகளும் அண்டை அயலாகவே எரிந்து வருகின்றன.

இனி நம் பழம்பாட்டு ஒன்றைக் காண்போம். குறுந்தொகையின் 167ஆம் பாட்டு, கூடலூர் கிழார் பாடியது. புதுமணத் தம்பதியரின் வீட்டைக் கண்டு திரும்பிய செவிலித்தாய், பெற்ற தாயிடம் தான் கண்டதைச் சொல்லுகின்றாள். அவ்வீட்டில் பொன்னும் மணியும் கிடந்தன என்று அவள் சொல்லவில்லை. மகள் தன் கையாலேயே கட்டித்தயிரைப் பிசைந்தாள். கையைத் தன் ஆடையிலே துடைத்துக்கொண்டாள். தாளிப்பின் புகை மையுண்ட கண்களிற் படிந்தது. ஆயினும் புளிப்பும் இனிமையும் கூடிய குழம்பை ஆக்கி முடித்தாள். கணவன் உண்டு, இனிது என்றான். அவள் முகம் சிறிதே மலர்ந்தது. இவ்வளவே செய்தி. தாய்க்கு இதனினும் ஆறுதல் தரும் செய்தி வேறில்லை. இன்றைய மோர்க்குழம்பின் மூதாதை அக்குழம்பு எனலாம்.

அப்பாட்டில் கணவன் செய்தது ஒன்றே. இனிது என்று ஒரு சொல் சொன்னான். நம்மில் எத்தனை பேர் அந்த ஒரு சொல்லைச் சொல்லுகின்றோம்? உப்புக் குறைந்த நாளில் மட்டும் வாய் திறப்போர் பலர். சோற்றைப் பிசைந்தபடியே நாளிதழையோ கைப்பேசியையோ நோக்கி இருப்போர் அதனினும் பலர்.

சிலப்பதிகாரத்துக்கு வருவோம். மதுரைப் புறஞ்சேரியில், ஆயர் மகள் மாதரியின் வீட்டில், கண்ணகி கோவலனுக்கு உணவு சமைக்கின்றாள். கோவலன் சாவக நோன்பினன் ஆதலின் அது மரக்கறி உணவு. பலாக்காயும் வெள்ளரியும் மாதுளையும் மாவும் வாழையும் நல்லரிசியும் பாலும் அவளுக்குத் தரப்பெற்றன. மாதரியின் மகள் ஐயை அடுப்பு மூட்டினாள். காய் அரிந்து கண்ணகியின் விரல்கள் சிவந்தன, முகம் வியர்த்தது, கண்களும் சிவந்தன. கோவலன் குமரி வாழையின் இலையில் உண்டான். அவ்வுணவுக்குப் பின்னர்தான், தன்னால் அவள் பட்ட துன்பங்களை எண்ணி அவன் மனம் கரைந்து பேசுகின்றான். அடுத்து, சிலம்பை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகின்றான், திரும்பவில்லை. அவள் அருமையை அவன் வாய்விட்டுச் சொன்னது, தன் வாழ்வின் கடைசிப் பகலில்! நாம் அதுவரை காத்திருத்தல் வேண்டா.

இந்த அவையில் இதனை விளக்க வேண்டுவதில்லை. கேங்மேன், பாயிண்ட்ஸ்மேன், கார்டு, வண்டி ஓட்டுநர் ஆகியோரின் இல்லங்கள் நம் குடியிருப்பு. நள்ளிரவில் அழைப்பு வந்து எழுந்து போகும் கணவன், எந்த ஊர் ரன்னிங் ரூமில் படுத்திருக்கின்றானோ என்று விழித்திருக்கும் மனைவியர் இங்கே பலர் உளர். அவர்கள் கணவனின் நீண்ட ஆயுளுக்காக நோற்பது வெறுஞ் சடங்கன்று. ஆயின், யாம் கேட்க விழைவது இதுவே: நம் உயிருக்காக அவர்கள் நோற்கின்றனர், அவர்கள் உடலுக்காக நாம் என் செய்கின்றோம்?

பேரேடு எழுதுபவர் ஆதலின் சில எண்களையும் கூறுவோம். 2019ஆம் ஆண்டு இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடங்களும், அதனைச் செய்யும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாகத் தெரிந்தது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்கு இரத்தசோகை இருப்பது தெரிந்தது. எல்லோர்க்கும் பரிமாறிவிட்டு, எஞ்சியதை நின்றபடியே உண்டு எழும் வழக்கத்தை இந்த எண்ணோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

ஆடவன் அடுக்களை புகுதல் நம் மரபன்று என்பாரும் உளர். அங்ஙனமாயின் நளபாகம் என்னும் சொல் எங்கிருந்து வந்தது? உருமாறிப் பாகுகன் என்னும் பெயருடன் இருதுபன்னனிடம் இருந்த நளனை, தமயந்தி அவன் சமைத்த உணவின் சுவையால் உணர்ந்தாள் என்பது கதை. மனைவி தன் கைச்சுவையை அறிந்திருக்கும் அளவுக்கு ஓர் அரசன் சமைத்திருந்தான் எனின், குவார்ட்டர்ஸில் வாழும் நமக்கு அதில் இழுக்கு யாது?

இனிச் செய்முறைக்கு வருவோம். இருவருக்கு மட்டும் சமைக்கும்போது பொருள் குறைவாகவும் பொறுமை மிகுதியாகவும் இருத்தல் வேண்டும். வெல்ல அடைக்கு ஒரு டம்ளர் பச்சரிசி மாவு போதும். அரிசியை ஊறவைத்து வடித்து, நிழலில் உலர்த்தி, ஈரம் சிறிது இருக்கும்போதே அரைத்துச் சலித்து, வாணலியில் இளம்பொன் நிறம் வரும்வரை வறுத்தல் வேண்டும். காராமணி இரண்டு மேசைக்கரண்டி வறுத்துக் குழையாமல் வேகவைத்துக்கொள்க. இங்குள்ள கடைகளில் அலசந்தலு என்றோ பொப்பர்லு என்றோ கேட்டால் கிடைக்கும். வெல்லம் ஒரு டம்ளர். சித்தூர்ப் பக்கத்து வெல்லம் நல்ல மணமுடையது. அதனை இரண்டு டம்ளர் நீரில் கரைத்து வடிகட்டிக் கொதிக்கவிட்டு, பல்லுப்பல்லாகக் கீறிய தேங்காயும் ஏலப்பொடியும் காராமணியும் இட்டு, மாவைத் தூவிக் கட்டி விழாமல் கிளறுக. கை பொறுக்கும் சூடு வந்ததும், நெய் தடவிய வாழையிலைத் துண்டில் அடையாகத் தட்டி, நடுவே துளையிட்டு, இட்லிப் பானையில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆவியில் வேகவைத்தால் முடிந்தது. உப்படைக்கு வெல்லத்திற்கு மாற்றாக உப்பும், தாளித்த கடுகு, பச்சைமிளகாய், இஞ்சி, கறிவேப்பிலையும்.

இதனுடன் ஒரு மோர்க்குழம்பு. தெலுங்கர் மஜ்ஜிகபுலுசு என்பர். ஊறிய துவரம்பருப்பு, தேங்காய், பச்சைமிளகாய், சீரகம் ஆகியவற்றை அரைத்து, சிறிது புளித்த தயிரிற் கலந்து, மஞ்சளும் உப்பும் இட்டு, வெந்த வெண்பூசணித் துண்டுகளோடு சிறு தீயில் வைத்து, நுரை கட்டியதும் இறக்கிவிடுக. கொதித்தால் திரிந்துவிடும். கடுகும் வெந்தயமும் தாளித்துக் கொட்டுக. சோறு, குழம்பு, இரண்டு வகை அடை, வெண்ணெய். இதனினும் மிகுதி வேண்டா. பதினாறு பண்டம் ஆக்கினால் அது விழாவாகும். இருவர் அமர்ந்து பேசும் வேளையாகாது.

இதில் ஆடவர் செய்யத்தக்கவை எவை? தேங்காய் துருவுதல், மாவு சலித்தல், கிளறுதல், பாத்திரம் துலக்குதல் ஆகிய நான்கும். மாவு இறுகும்போது கிளறுவதற்குத் தோள்வலி வேண்டும். அது நமக்கு உரிய வேலையே. நோன்பு நேரத்தைப் பஞ்சாங்கம் குறித்துத் தருகின்றது. சில ஆண்டுகளில் அது விடியற்காலையில் வரும். சில ஆண்டுகளில் மாலையில் வரும். கால அட்டவணையின்படி வாழும் நமக்கு இது புதிதன்று. விடியற்காலை மூன்று மணி வண்டிக்குக் கண்விழிக்கும் நாம், மூன்று மணி அடைக்கும் விழிக்கலாம். அன்று இரவுப் பணி வாய்த்தவர், வேறொரு ஓய்வு நாளைத் தேர்ந்துகொள்க. நோன்பின் நேரம் மாறாது. விருந்தின் நேரம் மாறலாம்.

இந்நோன்பு இல்லாத இல்லங்களும் இங்கு உள. கிறித்தவ, இசுலாமிய அன்பர்களும் நம் சங்கத்தில் உளர். அவர்கள் தம் திருமண நாளை இங்ஙனம் கொண்டாடலாம். பொருள் ஒன்றே: இருவருக்குரிய நாளில் உணவு இருவர் கையாலும் ஆதல் வேண்டும்.

மற்றொன்றையும் சொல்லாமல் விடுதல் முறையன்று. கணவனை இழந்த தாய்மார் நம் குடியிருப்பில் உளர். இந்நோன்பு நாளில் அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டிருப்பதை யாம் கண்டிருக்கின்றோம். சரடு நோற்கும் மகளிர்க்கு; அடை அனைவர்க்கும். இரண்டு அடையும் சிறிது வெண்ணெயும் ஒரு தட்டில் வைத்து, கணவனும் மனைவியுமாகச் சென்று, "அம்மா, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கொடுத்துவிட்டு வாருங்கள். அவ்வீட்டிற் சிறிது நேரம் அமர்ந்தும் வாருங்கள்.

ஆக, எம் வேண்டுகோள் மூன்று. ஒன்று, அந்நாளில் ஆடவர் அடுக்களையில் பங்கு கொள்ளுதல். இரண்டு, இலை இரண்டையும் ஒருங்கே விரித்து, மனைவியைத் தம்மோடு அமரச் செய்து உண்ணுதல். மூன்று, உண்டபின் இனிது என்று வாய்விட்டுச் சொல்லுதல். முதல் இரண்டும் சிறிது உழைப்பு வேண்டுவன. மூன்றாவதற்கு எச்செலவும் இல்லை. அதுவே நம்மால் மிகுதியும் மறக்கப்படுவது.