இல்லாத காலில் ஒரு வலி

(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரை)



செயலாளர் போன் பண்ணி, "உங்க துறையைப் பத்தி பத்து நிமிஷம் பேசுங்க" என்றார். என் துறை கன்ட்ரோல் சிஸ்டம்ஸ். சாப்பாட்டுக்கு முன்னால் அதைப் பேசினால் நீங்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள். ஆகவே, அந்தப் படிப்பை நம்பி நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். விஷயம், வலி.

எங்கள் வீடு மயிலாப்பூரில். அப்பாவுக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. இடது காலில் வந்த புண் ஆறவே இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. ஆபரேஷன் காயம் நன்றாகவே ஆறியது. வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம், ராத்திரி இரண்டு மணிக்கு என்னை எழுப்பினார். "டேய், இடது கால் கட்டை விரலை யாரோ முறுக்குற மாதிரி இருக்குடா. தாங்க முடியலே."

அந்தக் கட்டை விரல்தான் இல்லையே! நான் விளக்கைப் போட்டு, போர்வையை விலக்கிக் காட்டினேன். "வயரே இல்லாம மணி எப்படிப்பா அடிக்கும்? பேசாம தூங்குங்க" என்றேன். இன்ஜினியர் அல்லவா! நாங்கள் போய்ப் பார்த்த ஒரு டாக்டரும் "எல்லாம் மனசுதான்" என்று சொல்லிவிட்டார். எனக்கு வசதியாகப் போயிற்று.

அதற்குப் பிறகு அப்பா வலியைப் பற்றிப் பேசவே இல்லை. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நான்கு மாதம் கழித்து அம்மா சொன்னார்: "சரியாகலேடா. உங்கிட்ட சொல்றதைத்தான் நிறுத்திட்டார். ராத்திரியெல்லாம் துண்டைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கார்."

அன்றைக்குத்தான் படிக்க ஆரம்பித்தேன். இந்த வலிக்கு ஒரு பெயரே இருந்தது. 'ஃபான்டம் லிம்ப்', அதாவது மாய உறுப்பு என்று, அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களைப் பார்த்த வியர் மிட்சல் என்ற டாக்டர் 1871-லேயே எழுதியிருக்கிறார். வெட்டுப்பட்ட நரம்பின் முனை தானாகவே சமிக்ஞை அனுப்பலாம். தண்டுவடம் உஷாராகவே நின்றுவிடலாம். காலுக்கென்று மூளையில் உள்ள இடமோ கால் போன பிறகும் அப்படியே இருக்கிறது. வயரைக் கழற்றினாலும் மணி உள்ளே இருக்கிறது, அடிக்கவும் செய்கிறது. நான் படித்த சர்க்யூட் சரி. மணி எங்கே இருக்கிறது என்பதில்தான் கோட்டை விட்டேன்.

இந்த வலிக்கு 1990-களில் ஒரு புது வழி காட்டியவர் நம்ம ஊர்க்காரர். விளையனூர் ராமச்சந்திரன், மயிலாப்பூரில் வாழ்ந்த சட்டமேதை அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன். நம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்து, கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்து, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்துக்குப் போனவர். கை இழந்த சிலர் அவரிடம், இல்லாத கை இறுக மூடிக்கொண்டு நகம் உள்ளங்கையில் குத்துகிறது, விரிக்கவே முடியவில்லை என்றார்கள். அவர் கோடி ரூபாய் மெஷின் எதையும் தேடவில்லை. மூடியில்லாத ஒரு பெட்டி, நடுவில் செங்குத்தாக ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். நல்ல கையை ஒரு பக்கம் விட்டுக் கண்ணாடியில் பார்த்தால், போன கை திரும்பி வந்த மாதிரித் தெரியும். நல்ல கையை விரித்தால் அதுவும் விரிகிறது. சிலருக்கு அந்த நிமிஷமே இறுக்கம் விட்டது. 1996-ல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் இது விரிவாக வெளிவந்தது.

இது உண்மையா, வெறும் நம்பிக்கையா? 2007-ல் அமெரிக்க ராணுவ மருத்துவர்கள் காலிழந்தவர்களிடம் சோதித்தார்கள். முடிவு வரை இருந்தவர்கள் 18 பேர், மூன்று குழு. நிஜக் கண்ணாடி பார்த்த ஆறு பேருக்கும் நான்கு வாரத்தில் வலி குறைந்தது. துணியால் மூடிய கண்ணாடிக் குழுவில் ஒருவருக்கும், மனதில் கற்பனை மட்டும் செய்த குழுவில் இருவருக்கும்தான் குறைந்தது. சின்ன ஆய்வுதான். பின்னால் வந்த ஆய்வுகளில் எல்லோருக்கும் இதே பலன் கிடைக்கவில்லை. மூளையின் வரைபடமே மாறிவிடுகிறது என்று ராமச்சந்திரன் சொன்ன விளக்கத்தையும் பிற்கால ஆய்வுகள் கேள்வி கேட்டிருக்கின்றன. விஞ்ஞானம் அப்படித்தான் நகரும்.

நான் தி.நகரில் ஒரு கடையில் நாலடிக்கு ஒன்றரை அடியில் கண்ணாடி வாங்கி, ஓரம் தேய்த்து, பின்னால் ப்ளைவுட் வைத்து ஸ்டாண்ட் அடித்தேன். வேறொரு டாக்டர் நரம்பு வலிக்கு மாத்திரை எழுதிக்கொடுத்து, கண்ணாடியையும் முயலலாம் என்றார். கட்டிலில் அப்பாவை உட்காரவைத்து, இரண்டு காலுக்கும் நடுவில் அதை நிறுத்தினேன். வலது கால் விரல்களை மெல்ல அசைத்தார். கண்ணாடிக்குள் இடது கால் அசைந்தது. அப்பா அழுதுவிட்டார். நான் பயந்துபோனேன். அந்த 2007 ஆய்விலும் இரண்டு பேர் அப்படித் துக்கப்பட்டதாக எழுதியிருந்தது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

தினம் கால் மணி நேரம். இரண்டு மாதத்தில், வாரத்தில் ஐந்து ராத்திரி வந்த வலி ஒன்றிரண்டாகக் குறைந்தது. இன்னும் முழுசாகப் போகவில்லை. கண்ணாடியாலா, மாத்திரையாலா, நாளாவட்டத்தில் தானாகவா என்று சொல்லத் தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு இருப்பது ஒரே ஒரு அப்பா. இதைக் கேட்டுவிட்டு யாரும் டாக்டரை விட்டுவிட்டுக் கண்ணாடிக் கடைக்கு ஓடிவிடாதீர்கள்.

2020-ல் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் வலிக்கான இலக்கணத்தைத் திருத்தி எழுதியது. அந்தக் குழுவுக்குத் தலைவர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பேராசிரியர் ஸ்ரீனிவாச ராஜா. உடம்பில் காயம் இருந்தால்தான் வலி என்பதில்லை என்கிறது அது. கூடவே ஒரு குறிப்பு: வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும். இத்தனை ஆராய்ச்சிக்குப் பிறகு உலக நிபுணர்கள் எழுதிய இந்த வரி அன்றைக்கு ராத்திரி இரண்டு மணிக்கு எனக்குத் தெரிந்திருந்தால், அந்த நான்கு மாதம் அப்பாவுக்குத் துண்டு தேவைப்பட்டிருக்காது.

தம்பி தங்கைகளே, அடையாறு பக்கம் ஐ.ஐ.டி.யில் 'கடம்' என்று ஒரு செயற்கை முழங்கால் மூட்டை உருவாக்கி 2022-ல் வெளியிட்டார்கள். நடக்க வைக்க இன்ஜினியர்கள் வந்துவிட்டார்கள். மாதக்கணக்கில் விடாத வலிக்கும் வாருங்கள், வேலை நிறைய இருக்கிறது. அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். வீட்டில் முதுகுவலி, மூட்டுவலி என்று யாராவது சொன்னால், விளக்கைப் போட்டுக் காட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "எங்கே வலிக்குது, சொல்லுங்க" என்று கேளுங்கள். கேட்கத்தான் எனக்கு நான்கு மாதம் ஆயிற்று.