நுரை இயர் பிளக்: கழுவலாமா, மாற்றணுமா?



திருவெறும்பூர், துவாக்குடி, அரியமங்கலம் பக்கம் ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கிரைண்டர் ஓடும்போது காதில் செருகிக்கொள்ளும் சின்ன நுரை இயர் பிளக் பற்றித்தான் பேசப்போகிறேன். வைகுண்ட ஏகாதசி நாட்களில் ஊரே விழித்திருக்கும்போது, கொஞ்ச நேரம் தூங்குவதற்காக இதை வாங்கி வைப்பவர்கள் ஸ்ரீரங்கத்து வீதிகளிலும் உண்டு.

விலை குறைவு. அதனாலேயே அலட்சியமும் அதிகம். சட்டைப் பையில் சில்லறையோடு கிடக்கும். மறுநாள் அதையே தட்டிவிட்டு காதில் வைத்துக்கொள்வோம். அதில் ஒட்டிய இரும்புத் தூள், வியர்வை, காதழுக்கு எல்லாம் நேராகக் காதுக்குள் போகிறது. அரிப்பு, வலி, சீழ் வருவதற்கு இதுவே போதும்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. நுரை கெட்டியாகிவிட்டால் காதுக்குள் சரியாக விரியாது. பிளக் இருக்கும், பாதுகாப்பு இருக்காது! 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி நேரம்தான். உள்காதில் ஒலியை உணரும் நுண்ணிய செல்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி வளராது. சத்தத்தால் வரும் காது கேளாமை, 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே தொழில்சார் நோயாக இடம்பெற்றிருந்தது.

சரி, எப்படிப் பராமரிப்பது?

முதலில் பாக்கெட்டைப் படியுங்கள். நுரை பிளக்குகளில் பெரும்பாலானவை ஒருமுறை பயன்பாட்டுக்கானவை. "ஒருமுறை மட்டும்" என்று போட்டிருந்தால் கழுவ வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

கழுவலாம் என்று போட்டிருந்தால், வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு போதும். விரலால் லேசாகத் தேய்த்து, சோப்பு போக அலசி, சுத்தமான துணியில் வைத்து அழுத்தி ஈரத்தை எடுங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள். ஸ்பிரிட், சானிடைசர், கொதிநீர் மூன்றும் வேண்டாம், நுரை கெட்டுவிடும். நிழலில் முழுசாகக் காய்ந்த பிறகே டப்பாவில் போட்டு மூடுங்கள்.

காய்ந்ததும் ஒரு சின்ன சோதனை. விரல்களுக்கு நடுவே உருட்டி மெல்லிசாக்கி விடுங்கள். மெதுவாக விரிந்து பழைய வடிவத்துக்கு வரணும். சுருங்கியே கிடந்தாலோ, கெட்டியாக இருந்தாலோ, கிழிந்திருந்தாலோ, அழுக்கு போகாவிட்டாலோ குப்பையில் போடுங்கள்.

வைக்கும்போது கை சுத்தமாக இருக்கணும். உருட்டி, மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேல்நோக்கி இழுத்து, உள்ளே விட்டு, அரை நிமிடம் விரலால் பிடியுங்கள். எடுக்கும்போது மெதுவாகத் திருகி எடுங்கள், சட்டென்று இழுக்காதீர்கள். ஒருவர் பிளக்கை இன்னொருவர் வாங்கிப் போடவே கூடாது. பஞ்சு இதற்கு மாற்று இல்லை.

சத்தம் அதிகமுள்ள தொழிற்சாலையில் பிளக் தருவது நிர்வாகத்தின் பொறுப்பு. பழசாகிவிட்டால் புதுசு கேளுங்கள், அதில் கூச்சம் வேண்டாம்.

காதில் வலி, சீழ், விடாத இரைச்சல், பேச்சு சரியாகக் கேட்காதது, இதில் எது இருந்தாலும் பிளக் போடுவதை நிறுத்துங்கள், சத்தமான இடத்தை விட்டும் தள்ளியிருங்கள். திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் காட்டலாம். ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம்.

பிளக் போனால் கடையில் கிடைக்கும். காது கிடைக்காது.