தள்ளப்பட்ட மனைவியர் எங்கே போனார்கள்?



ஓரியூர் மண்ணை மடியில் முடிந்துகொண்டு வராத வீடு நம் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் உண்டா? இயேசு சபைக் குரு அருளானந்தர் சிந்திய இரத்தத்தில் சிவந்த மண் என்கிறோம். 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே அவர் தலை வெட்டப்பட்டது. காரணம் என்ன? பல மனைவியர் கொண்ட மறவர் தலைவர் தடியத்தேவர் ஞானஸ்நானம் கேட்டார். ஒருத்தியோடு மட்டும் வாழ வேண்டும், மற்ற மனைவியரை விலக்க வேண்டும் என்றார் அருளானந்தர். தேவரும் விலக்கினார். விலக்கப்பட்ட இளையவள் இராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதிக்கு நெருங்கிய உறவு. அவரிடம் போய் முறையிட்டாள். அதில் மூண்டது சேதுபதியின் கோபம்.

இந்தப் பெண்ணை ஏரோதியாள் என்று மறையுரையில் கேட்டிருப்பீர்கள். அதை நான் மறுக்கிறேன். ஏரோதியாள் அரண்மனையில் இருந்துகொண்டு திருமுழுக்கு யோவானின் தலையைக் கேட்டவள். இவள் வாழ்ந்த வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டவள். அவளும் மற்ற மனைவியரும் என்ன குற்றம் செய்தார்கள்? எங்கே போனார்கள்? யார் சோறு போட்டார்கள்? இத்தனை திருவிழா கொண்டாடிய நாம் ஒருநாளாவது கேட்டோமா?

அருளானந்தரின் துணிவை நான் குறைத்துப் பேசவில்லை. அவர் நம் புனிதர். ஆனால் அவர் காலத்துப் போதனையைக் கேள்வி கேட்பேன். மனைவியைத் தள்ளிவிடலாமா என்று வந்து கேட்ட ஆண்களை, உங்கள் கல்நெஞ்சுக்காகத்தான் மோசே அதற்கு இடம் கொடுத்தார் என்று கண்டித்தவர் இயேசு. அந்த இயேசுவின் பெயரைச் சொல்லியே இங்கே பெண்களைத் தள்ளினோம்!

போதனை மாறவே மாறாது என்று மேசையைத் தட்டுகிறவர்களுக்கு இரண்டு செய்தி. 1983-இன் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம், 1148-ஆம் பிரிவு, இப்படி விலக்கப்படும் மனைவியரின் தேவைகளைக் கவனிக்கும் பொறுப்பை ஆயர் தலையில் வைக்கிறது. 1988-இல் லாம்பெத் மாநாட்டில் கூடிய ஆங்கிலிக்கன் ஆயர்கள் அதற்கும் மேலே போனார்கள். உள்ளூர்ச் சபை சம்மதித்தால் பல மனைவியர் உள்ளவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், எவளையும் விலக்கச் சொல்லக் கூடாது, விலக்கினால் அவள் சமூகத்தில் நிர்க்கதியாவாள் என்றார்கள். விலக்கப்பட்டவளின் வயிற்றைப் பார்த்த பிறகு சட்டம் எப்படி மாறியது பார்த்தீர்களா?

நம் கரையிலோ இன்னும் பழைய கணக்குதான். புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டால், அவன் தலைக்கட்டு வரி கட்டுகிறான், திருவிழாவில் சப்பரம் தூக்குகிறான். விடியலில் கூடையோடு ஏலத்துக்கு ஓடி, மிஞ்சிய நெத்திலியை மணலில் காயப்போட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாளே அவன் மனைவி, அவள் சொந்தத் தங்கச்சி கல்யாணத்தில் சீர்த்தட்டைத் தொடக் கூடாது! கற்பு பற்றிய பிரசங்கம் முழுதும் அவள் பக்கம் பார்த்தே நடக்கிறது.

பெண்களை மட்டுமா தள்ளுகிறோம்? நடை மென்மையாக இருக்கிற பையனைப் பேய் பிடித்தவன் என்று ஜெபவீட்டுக்கு இழுத்துப் போகிறோம். ஒருவரின் பாலீர்ப்பை வைத்தியத்தால் மாற்ற முயல்வதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் தடை செய்தது. வைத்தியருக்கே கூடாத ஒன்றை எண்ணெயும் உபவாசமும் செய்யலாமா? 2023 டிசம்பரில் வத்திக்கான், ஒரே பாலினத் தம்பதியர் ஆசீர் கேட்டு வந்தால் குருக்கள் ஆசீர்வதிக்கலாம் என்றது. அதைத் திருமணமாக ஏற்கவில்லை. எனக்கு அது போதாது. ஆனாலும் ரோமாபுரியே ஆசீர்வதிக்கலாம் என்று சொன்ன பிள்ளையை வாசலில் நிறுத்த நாம் யார்?

பங்குப் பேரவையில் இருப்பவர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். அடுத்த கூட்டத்தில் மூன்று தீர்மானம் போடுங்கள். கைவிடப்பட்ட பெண்ணின் பெயரைத் தலைக்கட்டில் ஏற்றுங்கள். நல்லது கெட்டதில் அவளை முன்வரிசைக்குக் கூப்பிடுங்கள். நம் பிள்ளைகள் மேல் பேயோட்டும் ஜெபத்தை இன்றோடு நிறுத்துங்கள்.