இசைத்தட்டில் எஞ்சுவது



மொழிக்கென நடைபெறும் பொழிவு வரிசையில் இசைத்தட்டைப் பற்றி ஏன் பேச வேண்டும் எனச் சிலர் எண்ணக்கூடும். 'இசைத்தட்டு' என்னும் சொல்லே அதற்கு விடையாகும். 'ரெக்கார்டு' என்று வந்த பொருளுக்கு, வடிவையும் பயனையும் ஒருங்கே காட்டும் பெயரைத் தமிழ் வழங்கியது. பெயர் நிலைத்துவிட்டது, தட்டுகளோ நம் வீடுகளிலிருந்து மறைந்து வருகின்றன. அவற்றோடு மறைவது என்ன என்பதே இன்று நாம் எண்ணிப்பார்க்க வேண்டியது.

பால்மரம் வெட்டியோர் வழிவந்த நமக்கு இசைத்தட்டு முற்றிலும் அயலானதன்று. எமில் பெர்லினர் 1890களில் அமெரிக்காவில் விற்ற தொடக்ககாலத் தட்டுகள் கெட்டியாக்கிய ரப்பரால் ஆனவை. பின்னர் அரக்குக் கலவை வந்தது. நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற அத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாடும். கீழே விழுந்தால் உடையும். 1948இல் வினைல் நெடுந்தட்டு வந்தபின், 33⅓ சுழற்சியில் ஒரு பக்கம் இருபது நிமிடத்திற்கு மேல் ஒலித்தது. தட்டின் பொருள் மாறினும் முறை மாறவில்லை. ஒலியின் அதிர்வு தட்டில் கோடாகப் பதிகிறது. அக்கோட்டின் வழியே ஊசி செல்லும்போது அதே அதிர்வு மீண்டும் ஒலியாகிறது.

அக்கோடு எவ்வளவு காலம் காத்திருக்கும் என்பதற்கு ஒரு சான்று காண்போம். பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் வாசித்து வந்த சரண்ஜித் சிங், 1982இல் பத்து இராகங்களை மின்னணுக் கருவிகளில் இசைத்து ஒரு நெடுந்தட்டு வெளியிட்டார். நம் மோகனத்தை ஒத்த பூபாலியும் இந்தோளத்தை ஒத்த மால்கௌன்சும் அதில் டிஸ்கோ தாளத்தோடு ஒலித்தன. ரோலண்ட் நிறுவனத்தின் டி.பி.-303, டி.ஆர்.-808 ஆகிய கருவிகளை அவர் அதில் பயன்படுத்தினார். அன்று அத்தட்டைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. 1987இல் சிக்காகோ இளைஞர்கள் அதே 303 கருவியைக் கொண்டு 'ஆசிட் ஹவுஸ்' என்னும் இசைவகையைப் பரப்பினர். 2010இல் சிங்கின் தட்டு மறுபதிப்புக் கண்டபோது, அவ்வொலியை அவர் ஐந்தாண்டு முன்னரே எட்டியிருந்ததை உலகம் வியந்து கேட்டது. எங்கோ சில படிகள் எஞ்சியிருந்தமையாலேயே அது இயன்றது.

அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும் இதுவே நிகழ்ந்தது. 1969இல் அங்கு மூக் மின்னணு இசைக்கருவி நிறுவப்பட்டது. கீதா சாராபாய் முதலியோர் அதில் செய்த முயற்சிகள் ஒலிநாடாக்களில் பதிவாகிப் பல்லாண்டுகள் ஆவணக்காப்பகத்தில் உறங்கின. 2023இல் அவை இசைத்தட்டாக வெளிவந்தன. இந்திய மின்னணு இசையின் வரலாற்றில் விடுபட்டிருந்த ஓர் ஏடு அவ்வாறு நமக்குக் கிடைத்தது.

இவற்றுக்கேனும் நிறுவனங்கள் துணைநின்றன. துணை ஏதுமில்லாதார் என் செய்வது? அதற்குப் பங்க் இசையாளர் விடை கண்டனர். 1977 சனவரியில் மான்செஸ்டர் நகரத்து பஸ்காக்ஸ் குழுவினர் 500 பவுன் கடன் பெற்று, முதற்கண் 1,000 தட்டுகளைத் தாமே வெளியிட்டனர். நம் நாட்டிலும் 1991இல் கோலாலம்பூரில் தோன்றிய கார்புரேட்டர் டங் குழு இத்தற்சார்பு வழியில் வந்ததே. இவ்விசையின் முரட்டு ஓசை நம்முள் பலருக்கு உவப்பாகாமல் இருக்கலாம். ஆயினும் கடன்பட்டு ஆயிரம் படி அச்சிட்டு, ஊர்தோறும் வெளியீட்டு விழா நடத்தி நூல் விற்கும் நம் எழுத்தாளர்களை அறிந்த அவைக்கு அந்த நெஞ்சுரம் புதியதாகுமா?

இனி நம் நிலையை நோக்குவோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டன; பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது; லயத்து வீடுகள் காலியாயின. தோட்டக் கோயில் திருவிழாவில் முழங்கிய உருமியும், பாட்டிமார் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் பதிவான ஒலிநாடாக்கள் எத்தனை வீடுகளில் பூஞ்சை படிந்து கிடக்கின்றன! வீடு மாறும் நாளில் முதலில் குப்பைக்குச் செல்வன அவையே. எல்லாம் கைப்பேசியில் கிடைக்கிறதே என்பார் உளர். ஏற்றியது கிடைக்கும், ஒருவரும் ஏற்றாதது கிடைக்காது.

ஆதலின் நாம் செய்யத்தக்கன சில. தட்டுகளை அடுக்கிப் படுக்க வைக்காமல், வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வைப்போம். ஒவ்வொரு நாடாவின் உறையிலும் பாடியவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு எனத் தமிழில் எழுதிவைப்போம். பெயரில்லாத ஒலி நாளை எவர்க்கும் பயன்படாது. முதியோர் இருக்கும்போதே கேட்டெழுத வேண்டிய பணி இது. உருமியின் ஒலியை மின்னணு இசையோடு இணைத்துப் பார்க்கும் இளைஞர், முந்நூறு தட்டுகளேனும் வெளியிட முன்வந்தால், ஒரு நூலுக்குத் தரும் ஆதரவை நம் மன்றங்கள் அதற்கும் தரலாம். அத்தட்டின் உறையில் பாடல் வரிகளும் கருவிகளின் பெயர்களும் நல்ல தமிழில் இடம்பெறட்டும்.

சிங்கின் தட்டு மீண்டும் கேட்கப்பட 28 ஆண்டுகள் ஆயின. நம் ஒலிகளைத் தேடி வருவோர் அதனினும் காலந்தாழ்த்தி வரக்கூடும். அவர்கள் வரும்போது கையில் கொடுக்க ஏதேனும் இருக்க வேண்டும். இன்று வீடு திரும்பியதும் பழைய பெட்டி ஒன்றைத் திறந்து பார்ப்போம்.