தனி டம்ளர்

அம்பத்தூரில் உள்ள எங்கள் மேனாம்பேட்டிலிருந்து பூந்தமல்லி பக்கம்தான். அங்குள்ள வரதராஜப் பெருமாள் கோவிலில் திருக்கச்சி நம்பிகளுக்கு ஒரு சன்னதி உண்டு. ஆயிரம் ஆண்டுக்கு முந்தியவர், வணிகர் குலத்தில் பிறந்தவர். பூந்தமல்லியில் நந்தவனம் வைத்து, பூப்பறித்து, மாலை கட்டி, காஞ்சிபுரம் பெருமாளுக்குக் கொண்டுபோய்ச் சாத்தியவர். பின்னாளில் அந்தப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசுவதே அவர் தொண்டாயிற்று.

1017இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர், இந்த நம்பிகளைத் தம் ஆசிரியராகவே எண்ணினார். அவர் சாப்பிட்ட மிச்சத்தைத் தாம் சாப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஒருநாள் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார். வைணவப் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை இது. நம்பிகளைக் கூட்டிவர ராமானுஜர் ஒரு தெரு வழியே போனார். நம்பிகளோ இன்னொரு தெரு வழியே வந்துவிட்டார். கோவில் தொண்டுக்கு நேரமாகிறது என்று சாப்பிட்டுவிட்டு உடனே கிளம்பியும் விட்டார். ராமானுஜரின் மனைவி தஞ்சமாம்பாள், வேறு குலத்தவர் சாப்பிட்டது என்று அந்த இலையை எடுத்து எறிந்தார். இடத்தைச் சாணமிட்டு மெழுகினார். தலைமுழுகிவிட்டு வந்து, கணவருக்குப் புதிதாக உலை வைத்தார். திரும்பி வந்த ராமானுஜருக்கு மிச்சம் என்று ஒரு பருக்கையும் இல்லை.

கதை சொல்கிறவர்கள் பெரும்பாலும் அந்த அம்மாளைக் கடிந்துகொள்வார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. வந்த விருந்தாளிக்கு அவர் வயிறாரச் சோறு போட்டார். பிறகு செய்ததெல்லாம் பிறந்த வீட்டில் பார்த்துப் பழகியது. அது தவறு என்று அதுவரை யாரும் அவருக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். ராமானுஜர் எங்கிருந்தோ வந்து அந்த வீட்டு வழக்கத்தை எதிர்த்தவரா? அதே குலம், அதே வேதம், அதே வீடு. இலையைத் தூக்கி எறிந்த கையும் நம் மரபுதான். அந்த இலையின் மிச்சத்துக்கு ஏங்கிய மனமும் நம் மரபுதான். இரண்டில் எதை எடுத்துக்கொள்கிறோம் என்பதில் நம் குணம் தெரிந்துவிடுகிறது.

இந்த இரண்டையும் எங்கள் மேனாம்பேட்டிலும் பார்க்கலாம். ஏரியும் வயலுமாக இருந்த ஊர் இது. அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை வந்தது, டன்லப் டயர் தொழிற்சாலை வந்தது, 1960களில் தொழிற்பேட்டையும் வந்தது. தென்கோடி மாவட்டங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வேலை தேடி வந்து இங்கேயே வீடு கட்டிக்கொண்டார்கள். இப்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறார்கள். தொழிற்பேட்டை லேத் பட்டறைகளில் மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால், குழம்பு யார் வீட்டுது, பொரியல் யார் வீட்டுது என்று தெரியாதபடி கை மாறும். இந்தப் பழக்கத்தை அவர்களுக்கு யாரும் உபதேசம் செய்யவில்லை. ஒரே மெஷினில் ஷிப்டு மாற்றி ஷிப்டு நின்றவர்களுக்குத் தானாக வந்தது. எனக்கு இந்த ஊரில் பெருமை என்றால் இதுதான்.

அதே ஆட்கள் வீடு திரும்பும் தெருக்களில்தான் நானும் இருக்கிறேன். பல வீடுகளில் பாத்திரம் தேய்க்க வருகிற அக்காவுக்கென்று ஒரு டம்ளர் தனியாக இருக்கிறது. துணி துவைக்கிற இடத்தில், சோப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். வீட்டிலுள்ள அத்தனை பாத்திரத்தையும் தேய்த்துக் கழுவி அடுக்குவது அவர் கைதான். ஆனால் அதில் ஒன்றை எடுத்து அவர் காபி குடிக்கக் கூடாது. கேட்டால் சுத்தம் என்பார்கள். அப்படியானால் ஊரிலிருந்து வரும் சித்தப்பாவுக்கும், பக்கத்து வீட்டுக்காரருக்கும் தனி டம்ளர் ஏன் இல்லை?

தீண்டாமையை ஒழித்து நம் அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்தது 1950இல். அதைத் தண்டிக்கும் சட்டம் 1955இல் வந்தது. டீக்கடையில் சாதி பார்த்து வைக்கும் இரட்டைக் குவளையைச் சட்டத்தைக் காட்டித் தட்டிக் கேட்க முடிகிறது. சமையலறை அலமாரியைத் திறந்து பார்க்க எந்த அதிகாரி வருவார்? அங்கே நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்க்கிறவர்கள் வேறு சிலரும் உண்டு, நம் வீட்டுப் பிள்ளைகள். நீதிநெறிப் பாடத்தைப் பள்ளியில் ஒப்பித்துவிட்டு வரும் பிள்ளை, எந்த டம்ளர் யாருக்கு என்பதை வீட்டில் யாரும் சொல்லாமலே கற்றுக்கொள்கிறது. தஞ்சமாம்பாளும் அப்படிக் கற்றவர்தான்.

வீட்டு வேலை செய்கிற பெண்களுக்குக் கூலி, விடுமுறை என்று பேச வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றை இன்னொரு நாள் பேசலாம். இன்று நான் கேட்பது ஒன்றுதான். நாளைக் காலையில் அந்த அக்கா வரும்போது, நீங்கள் குடிக்கிற டம்ளர்களில் ஒன்றில் காபி ஊற்றி, உட்காரச் சொல்லிக் கொடுங்கள். கூச்சப்பட்டு வேண்டாம் என்பார். மறுநாளும் கொடுங்கள்.